தர்சினியை மாற்றுவதா?

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்டுவிட்டு "சரி, பிறகு கதைப்பம்" என்று நான் தொலைபேசியை வைத்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடு. எனக்குப் பின்னால் தொலைபேசிக் கடை வாங்கில் வரிசையாக இருந்தபடி ஆட்கள் தங்கள் பிள்ளைகளின் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கடையில் பேசுகிற கதை, நான் வீடு வந்து சேர முன்னமே ஊருக்குள் வந்து சேர்ந்துவிடும். அங்கே வாயைத் திறந்திருந்தால் உன்னை நன்றாக ஏசியிருப்பேன். பேசாமல் வந்ததற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும். இப்போது குசினி மேசையில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன். வவுனியா பஸ்ஸில் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன். இதை உன் அறையில் இருக்கிற பெடியங்களுக்கு நீ வாசித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. கலியாணம் பேசி வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கட்டும்.

நீ சொன்னதைத் திருப்பி ஒரு முறை உனக்கே சொல்கிறேன். "அம்மா, தர்சினி முந்தின மாதிரி இல்லை. என்ன கேட்டாலும் ஓம், இல்லை எண்டு ரெண்டு சொல்லு. கடிதம் போட்டா நாலு வரி. இப்பவே இப்பிடியெண்டா பிறகு எப்பிடி? நாள் வைக்க முன்னம் இன்னொருக்கா யோசிப்பம்." யோசிப்பம் என்று மரியாதையாகச் சொன்னாலும், ஆளை மாற்றலாமா என்றுதான் கேட்கிறாய். இந்தக் கேள்வியை நானும் ஒரு காலம் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதுவும் இதே பிள்ளையைப் பற்றித்தான். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நானும் அப்பாவும் தர்சினியும் எங்களுக்குள் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். இனி அதை நீயும் தெரிந்துகொள்வது நல்லது.

உன் சித்தப்பா கனடாவிலிருந்து வந்த வருடத்தை நினைத்துப் பார். சண்டை நின்று பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பெரிய பெட்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து இறங்கிய காலம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று வந்தவர் இரண்டு மாதம் எங்களோடு நின்றார். நீ அப்போதுதான் வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். வந்த நாள் தொடக்கம் அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறித் தொலைபேசிக் கடைக்குப் போவார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப் போயிருக்கும். யாரோ சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கடுமையாகக் கிடக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பொங்கலன்று அந்தத் தெரியாத நோயாளிக்காக அம்மனுக்கு ஒரு கற்பூரமும் கொளுத்தினேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆருக்குத் தம்பி சுகமில்லை?"

"சுகமில்லாமல் ஒருத்தரும் இல்லை அண்ணி. பேஸ்போலிலை என்ரை ஆள் ஒராள் இருக்கிறார். மூண்டு கிழமையா ஒரு அடியும் விழுகுதில்லை. மாத்துறதோ விடுறதோ எண்டு மண்டை காயுது."

"உங்கட ஆளெண்டா? உங்கட கந்தோரிலை வேலை செய்யிறவரோ?"

"இல்லை அண்ணி. அவருக்கு என்னை ஆரெண்டே தெரியாது."

எனக்கு வந்த சிரிப்பில் அரிசி களைந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன். ரொறன்ரோவில் அவரும் வேலைத்தலத்துக் கூட்டாளிகளும் ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்களாம். அணி என்றால் கடதாசியில்தான். நிசமாக விளையாடுகிறவர்களின் பெயர்களை எடுத்து ஒவ்வொருவரும் தங்கள் அணியில் எழுதிக்கொள்வார்களாம். அந்த ஆட்டக்காரர் எங்கேயோ ஓரிடத்தில் பந்தை அடித்தால் இங்கே இவருக்குப் புள்ளியாம். அவருக்கு அடி விழாவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காதாம். "உதுக்கோ கனடாவுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் தம்பி, அந்த மாதம் முடிய முன்னம் எனக்கும் அந்த விசர் பிடித்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் பக்கத்துக் கழகங்கள் சேர்ந்து பெண்களுக்கான எல்லேப் போட்டி நடத்தினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஆட்டம். நீ வவுனியாவில் கிரிக்கெட் பார்த்துப் பார்த்து எல்லேயை மறந்திருப்பாய் என்பதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பேஸ்போலும் எல்லேயும் அண்ணன் தம்பி மாதிரித்தான் என்று சித்தப்பா சொன்னார். தடியால் பந்தை அடித்துவிட்டு, தரிப்புகளைத் தொட்டு ஒரு சுற்று ஓடி வர வேண்டும். ஆனால் பேஸ்போலில் பந்தைப் போடுகிறவன் எதிரியாம். அடிக்க விடாமல் செய்வதுதான் அவனுடைய வேலையாம். எல்லேயில் பந்தைப் போடுகிறவள் அடிக்கிறவளுடைய சொந்த அணிக்காரி. அடிக்கச் சுகமாகப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

சித்தப்பாதான் தொடக்கி வைத்தார். எந்தக் கழகமாக இருந்தாலும் சரி, பிடித்த பெண்களைத் தெரிந்தெடுத்து ஆளுக்கொரு கடதாசி அணி. முள்ளியவளையில் நாங்கள் மாவும் தூளும் அரைக்கிற மில்தான் எங்கள் மைதானம். மில்காரர் புள்ளி கூட்டுவார். எங்கள் அணிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மில் சுவரில் ஒட்டி வைத்தார். மிளகாய்த்தூள் நெடியில் தும்மிக்கொண்டு, முறை வரும் வரை அந்தச் சுவரைப் பார்த்துச் சண்டை பிடிப்பதுதான் அந்த வருடம் எங்கள் பொழுதுபோக்கு. மில்காரரின் மனைவி பூமணி அக்காவுக்கும் ஓர் அணி இருந்தது. அவவின் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் அணியில் முதல் பெயர் தர்சினி. களப்புப் பக்கத்துக் கழகத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாயும் மகளும் மட்டும். மெலிந்த கைதான். ஆனால் மூங்கில் தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டு அடித்தாள் என்றால், பந்து எங்கே போனதென்று அடுத்த கரையில் நிற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். முதல் ஆட்டங்களில் அவளால் என் அணி ஏறி உட்கார்ந்துகொண்டது. பூமணி அக்கா என் மாவைக் கடைசியாக அரைத்துத் தரத் தொடங்கினா. அதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று நினைக்கிறாய்!

பிறகு ஒரு ஞாயிறு அவளுக்கு அடி விழவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தடி காற்றில் போய் வரும், பந்து சும்மா நிலத்தில் விழும். பட்டாலும் நுனியில் பட்டு எழும்பி, சின்னப் பிள்ளை கூடப் பிடிக்கக்கூடியதாகக் கைக்குள் வந்து விழும். ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள். தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். பிள்ளைக்கு மனம் வேறெங்கேயோ என்று ஒருவர் இழுத்தார். "மாத்துங்கோ அன்னம், மாத்துங்கோ. உங்களுக்கு இரக்கம் கூடிப் போச்சு," என்று பூமணி அக்கா சுவரைத் தட்டினா. நான் சித்தப்பாவைக் கேட்டேன். அவர் அடுத்த நாள் பயணம் போக இருந்தவர்.

"நானெண்டா மாத்துவன் அண்ணி," என்றார். "அங்கை எனக்குத் தெரியிறது புள்ளி மட்டும்தான். அந்த ஆளுக்கு வீட்டிலை என்ன, உடம்பிலை என்ன எண்டு எனக்குத் தெரியாது. வேறை என்னத்தைப் பாத்து முடிவெடுக்கிறது?"

அவர் போய்விட்டார். அந்தச் சொல் எனக்குள் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியாமல் இருக்க என்ன வந்தது? அந்தப் பிள்ளை ஒன்றும் ரொறன்ரோவில் இல்லையே. கோயிலுக்குப் போகிற வழியில்தானே அவளுடைய படலை இருக்கிறது. போய்க் கேட்டால் முடிந்தது. இப்படித்தான் நினைத்தேன். இதைவிட மொக்கு வேலை ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

திங்கட்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் வந்த வழியில் போனோம். நான் நல்ல சேலையில், அப்பா பட்டுக்கரை வேட்டியில். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது சரியில்லை என்று ஒரு சீப்புக் கதலிப் பழமும் வாங்கினேன். கையில் அர்ச்சனைத் தட்டு வேறு. இப்போது நீயே சொல். கலியாண வயதில் வேலைபார்க்கிற மகனை வைத்திருக்கிற தாயும் தகப்பனும், திங்கட்கிழமை நாளில், பழமும் தட்டுமாக ஒரு குமர்ப்பிள்ளையின் வீட்டுக்குள் போய் ஏறினால் என்ன அர்த்தம்? படலையைத் திறந்த அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருங்கோ, இருங்கோ," என்று அந்த மனுசி இருந்த ஒரு நல்ல கதிரையையும் சேலைத் தலைப்பால் துடைத்தா. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு கதிரை வந்தது, கதிரையோடு பக்கத்து வீட்டுக்காரியும் வந்தா. உள்ளே அலுமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சநேரத்தில் தர்சினி சேலை மாற்றிக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள். தாய் குரலைத் தாழ்த்தி, "தகப்பன் இல்லாத பிள்ளை. எங்களிட்டப் பெரிசாக் குடுக்க ஒண்டுமில்லை. ஆனா பிள்ளை நல்ல பிள்ளை," என்றா. அவவின் கண் கலங்கியிருந்தது. தம்பி, அந்த நேரத்தில் "நாங்கள் எல்லே கேட்க வந்தனாங்கள்" என்று எந்த வாயால் சொல்வது? நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அப்பாவும் குடித்தார். இனிப்பும் தெரியவில்லை, சாயமும் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போனேன். தர்சினி வாளியோடு பின்னால் வந்தாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் மில் சுவருக்காகத்தானே வந்தனீங்கள்?"

எனக்கு உயிர் வந்தது. "ஓம் பிள்ளை. பழம் வாங்கினதுதான் பிழையாப் போச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சொன்னாள். இவ்வளவு காலமும் அவளுக்குப் பந்து போட்டவள் அவளுடைய கூட்டாளிப் பெண். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒன்றாக விளையாடியவர்கள். பாதை திறந்ததால், இரண்டு கிழமைக்கு முன் அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்தில் தங்கள் காணிக்குத் திரும்பிப் போய்விட்டது. இப்போது போடுவது வேறொரு பிள்ளை. "அவா நல்லாத்தான் போடுறா அன்ரி. பிழை சொல்லேலாது. ஆனா பந்து வேறை இடத்திலை வருது. என்ரை கை இன்னும் பழைய இடத்துக்குத்தான் போகுது." ஆட்டம் பார்க்கிற அத்தனை பேரும் அவளுடைய தடியைத்தான் பார்த்தோம். பந்தைப் போட்ட கை மாறியதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். "என்னை மாத்துறதெண்டா மாத்துங்கோ. எனக்கு ஒண்டுமில்லை. ஆனா அம்மாவும் அந்த மில்லிலைதான் அரிசி இடிப்பிக்கிறவா."

திரும்பி வந்ததும் அப்பா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இனி என்ன செய்யப் போறீர்?" என்று மட்டும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த நாள் மில்லுக்குப் போனபோது பூமணி அக்கா, "சம்பந்தி வீட்டுத் தேத்தண்ணி எப்பிடி?" என்று வரவேற்றா. கனடாக்காரர் தன் ஆளை மாற்றினால் அந்த ஆளுக்குத் தெரியாது. நான் சுவரில் தர்சினியின் பெயரை வெட்டினால், பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள் என்று ஊர் முழுக்கக் கதைக்கும். தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேர் எத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உனக்குத் தெரியும். பெயரை வெட்டாமல் அப்படியே விட்டால், வவுனியாவில் ஒன்றும் அறியாமல் இருக்கிற என் மகனைக் கேட்காமலே கட்டிப் போட்டதாகிவிடும். நீ முன்பு ஒரு முறை கேட்டாய், ஊர்க் கதைக்குப் பயந்துதான் அவளைப் பிடித்தீர்களா என்று. அந்த முதல் கிழமை பெயரை வெட்டாமல் விட்டதற்குப் பயம்தான் காரணம். அதை மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு விட்டது பயத்தால் இல்லை. காரணம் தெரிந்த பிறகு அவளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெயரை விட்டதோடு நான் சும்மா இருக்கவில்லை. பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு களப்புக்கரை வெளிக்குப் போனேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளுக்குப் பந்து போட்டேன். உன் அம்மா போட்ட பந்தை நீ பார்த்திருக்கிறாய். ஒன்று தலைக்கு மேலால் போகும், ஒன்று முழங்காலுக்குக் கீழே போகும், இன்னொன்று எனக்கே திரும்பி வரும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் அதில் ஒரு நன்மை நடந்தது. என் பந்து எங்கே வரும் என்று எனக்கே தெரியாததால், அவளுக்குப் பந்தைப் பார்த்து அடிக்கிறதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கை பழைய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கத் தொடங்கியது.

அப்படியொரு பின்னேரம்தான் நீ வந்தாய். புளியங்குளத்தில் பஸ் நின்ற இடத்தில் யாரோ உன்னிடம், "எப்ப கலியாணச் சாப்பாடு?" என்று கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கும் போகாமல், பையைத் தோளில் போட்டபடி கோபத்தோடு நேரே வெளிக்கு வந்தாய். "அம்மா, எனக்குத் தெரியாமல் எனக்குப் பொம்பிளை பாத்தனீங்களோ?" என்று அவள் முன்னாலேயே கேட்டாய். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திருடி மாதிரி நின்றேன். பதில் சொன்னது அவள்தான். "உங்கட அம்மா பொம்பிளை பாக்க வரேல்லை. என்ரை அடியைப் பாக்க வந்தவா. நீங்கள் பயப்பிடாதேங்கோ. அம்மாவுக்கு நானே சொல்லிச் சமாளிப்பன்." அவள் சொன்னதால் நீ அந்த இடத்திலேயே விடுபட்டுவிட்டாய். திரும்பிப் போயிருக்கலாம். அவளுக்கு வரப்போகிற கெட்ட பேரைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, உன்னை அவள் போக விட்டாள்.

நீ போகவில்லை. பையைக் கீழே வைத்தாய். "உப்பிடிப் போட்டா ஆர் அடிப்பினம்? தாங்கோ அம்மா," என்று பந்தை என்னிடமிருந்து வாங்கினாய். வாங்கிவிட்டு அவளிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா?

"எங்கை போடட்டும்?"

அவள் தடியின் நுனியால் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள். நீ அந்த இடத்தில் போட்டாய். அந்தப் பந்து களப்புத் தண்ணீரில் போய் விழுந்தது. மூன்று பேரும் அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் போட்டியில் என் அணி எத்தனையாவதாக வந்தது என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பூமணி அக்கா வென்றா, அது மட்டும் தெரியும், இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறா. சுனாமியாகக் கடலடித்த வருடம் அந்த வெளியில் கொட்டில் போட்டு ஆட்களை இருத்தியதோடு எல்லேயும் நின்று போனது. அந்தக் கொட்டில்களில் நீயும் அவளும் ஒன்றாகச் சாப்பாடு கொடுத்துத் திரிந்ததையும், பிறகு நீயே வந்து "அம்மா, இப்ப போய்க் கேளுங்கோ, பழத்தோடை" என்று சொன்னதையும் நான் எழுதத் தேவையில்லை. அது உன்னுடைய கதை.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இடம்பெயர்ந்து இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த முதல் வருடம் நீ சின்னப் பிள்ளை. அப்பா செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் போட்டு வளர்ந்தவர். இங்கே வாய்க்கால் தண்ணீர், களிமண், வயல். மனுசன் வரம்பில் போய் இருப்பார், பின்னேரம் எழும்பி வருவார். கேட்டால் ஓம், இல்லை என்று இரண்டு சொல். ஆம், உனக்கு இப்போது கிடைக்கிற அதே இரண்டு சொல். நான் அவரைச் சோம்பேறி என்று பேசினேன். வவுனியாவில் இருந்த மாமா வா என்று சொன்னார். உன் உடுப்பையும் என் உடுப்பையும் பையில் அடைத்துவிட்டேன். பையைக் கண்ட அப்பா வாசலில் நின்று சொன்னார்: "இந்த மண் என்ன கேக்குதெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. கொஞ்சம் பொறும்." நான் பையைப் பிரித்தேன். அடுத்த நாள் அவரோடு களை பிடுங்க இறங்கினேன். நீ தின்று வளர்ந்த சோறெல்லாம் அதற்குப் பிறகு விளைந்ததுதான்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். தர்சினிக்கு அடி விழவில்லை என்று சொல்கிறாய். நான் இங்கே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், கோபிக்காதே. போன வருடம் வரைக்கும் ஞாயிறு நீ எடுத்த உடனே கேட்பது, "இண்டைக்கு எத்தினை சுத்து ஓடினவா?" என்பது. கழகம் திரும்ப ஆடத் தொடங்கியபோது உனக்குத்தான் அவளைவிடச் சந்தோசம். பதவி உயர்வு கிடைத்த பிறகு அந்தக் கேள்வி நின்றது. இப்போது மண்டபம், சமையல்காரர், வாடகை வீடு, இவ்வளவும்தான் உன் வாயில் வருகிறது. எல்லாம் வேண்டியதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தை மாதம் அவள் இங்கே வந்தாள். கையில் அந்த மூங்கில் தடி. எண்ணெய் பூசித் துணி சுற்றியிருந்தாள். "மாமி, இது உங்களிட்டை இருக்கட்டும். கலியாணத்துக்குப் பிறகு ஓடித் திரியிறது வடிவில்லையாம். அவர் சொன்னவர்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, மாவு இடிக்க எனக்குக் கைகொடுத்துவிட்டு, அமைதியாகப் போனாள்.

நீ அதை ஒரு பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பாய். உன் கந்தோரில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொன்னதே உனக்கு மறந்தும் போயிருக்கும். ஆனால் அன்று தொடக்கம்தான் அவளுடைய சொற்கள் இரண்டாகக் குறைந்தன. தடியை மட்டும் பார்த்துக்கொண்டு, அவள் மாறிவிட்டாள் என்கிறாய். பந்து போடுகிறவன் நீயடா. உனக்கு என் மேல் கோபம் வந்தாலும் வரட்டும், எனக்கு அந்தப் பிள்ளையை நினைக்க நெஞ்சு நோகிறது.

நீ அவளைக் கட்டத்தான் வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். ஒருமுறை உன்னைக் கேட்காமல் ஒரு வீட்டு வாசலில் போய் நின்ற தாய்க்கு அதைச் சொல்ல வாயில்லை. அடுத்த சனிக்கிழமை லீவு எடுத்து வா. வந்து அவளைப் பார். பார்த்துக் கதைத்த பிறகும் உனக்கு மனமில்லை என்றால், அதை நீயே அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அன்று களப்புக்கரை வெளியில் அவள் உன் முகத்துக்கு நேரே சொன்னாளே, அந்த மாதிரி. தொலைபேசிக் கடையில் என்னிடம் சொல்லி, நான் போய்த் தாயிடம் சொல்லி, தாய் மகளிடம் சொல்வது நடக்காது. இந்த முறை அந்தப் படலைக்குள் நான் கால் வைக்கப் போவதில்லை. போக வேண்டியவன் நீ.

பழம் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே. எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் அந்தத் தடி நிற்கிறது. நான் துணியை அவிழ்க்கவில்லை. முதலில் இங்கே வந்து அதை எடு. முள்ளியவளையில் ஒரு ரெனிஸ் பந்து வாங்கு. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அவளைக் களப்புக்கரை வெளிக்கு வரச் சொல். தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, வேறு எந்தக் கதையும் எடுக்க முன்னம், நீ அன்று கேட்டதை இன்னொரு முறை கேள்.

எங்கை போடட்டும் என்று கேள், ராசா. கேட்டுவிட்டு, அவள் காட்டும் வரைக்கும் பொறுத்து நில்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா